மறைசாட்சியின் அடிச்சுவட்டில்: நட்டாலம் முதல் கோட்டாறு வரை



யூபிலி என்றாலே திருயாத்திரை நினைவுக்கு வருவது திருச்சபையில் பழைய வழக்கம். 1300-ஆம் ஆண்டில் பாப்பரசர் எட்டாம் போனிபாஸ் முதலாவது யூபிலி ஆண்டை அறிவித்தபோது, பாவசங்கீர்த்தனம் செய்து, உரோமையில் புனித இராயப்பர், புனித சின்னப்பர் பேராலயங்களைத் தரிசித்துப் பேறுபலன் பெறுமாறு மக்களை அழைத்தார். அன்றுமுதல் யூபிலியும் யாத்திரையும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன.

நமது பங்கும் யூபிலி கொண்டாடுகிறது. இந்த நல்ல நாளின் நினைவாக எங்கே திருயாத்திரை போகலாம் என்ற பேச்சு நம் அன்பியங்களில் எழுந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. வேளாங்கண்ணிக்குப் போவோர் உண்டு. வசதி படைத்தோர் எருசலேமுக்கும் உரோமைக்கும் போய் வருகின்றனர். இவை யாவும் நல்லவையே. ஆயினும் கீரிப்பாறையில் வாழும் நாம் ஒன்றை மறந்துவிடலாகாது. நாம் இருக்கும் இதே தோவாளை வட்டத்தில், பூதப்பாண்டி வழியாக இறங்கிச் சென்றால் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில், ஒரு மறைசாட்சியின் இரத்தம் சிந்திய மலை இருக்கிறது. பாரதத் திருநாட்டின் பொதுநிலையினருள் முதன்முதலாகப் பீடத்தின் மகிமைக்கு உயர்த்தப்பட்ட புனித தேவசகாயம், நம் மண்ணின் மைந்தர். அவர் பிறந்த ஊர், பணி செய்த ஊர், பாடுபட்ட ஊர்கள், உயிர் நீத்த மலை, உறங்கும் கல்லறை அனைத்தும் நம் மாவட்டத்திலேயே உள்ளன. அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊர் மட்டும் மலைக்கணவாய்க்கு அப்பால், நெல்லைச் சீமையில் இருக்கிறது. அந்த ஊர்களின் வழியாகவே அவருடைய வாழ்வை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நட்டாலம்

மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். உயர்ந்த குலம் என்று அந்நாள் மதித்த குடும்பம். நிலமும் வீடும் ஆள்மாகாணமும் நிறைந்த இல்லம். சிறுவயதிலேயே கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்றார். தம் குடும்பத்தாரின் தெய்வ வழிபாட்டில் மிகுந்த பற்றுடையவராக வளர்ந்தார். இன்று நட்டாலத்துக்குச் செல்லும் யாத்திரிகர் இதைச் சற்று நினைத்துப் பார்ப்பது நல்லது. இறைவன் தமக்கென்று தெரிந்துகொண்ட இந்த மனிதர் பக்தியற்றவராயிருந்து திருந்தியவரல்லர். தாம் அறிந்த அளவில் கடவுளைத் தேடிய நேர்மையான உள்ளத்தையே ஆண்டவர் தொட்டார். நம்மைச் சுற்றி வாழும் பிற சமயத்துச் சகோதரரை நாம் மதிப்போடு நோக்க வேண்டியதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமோ?

பத்மநாபபுரமும் உதயகிரியும்

அக்காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்ம மகாராஜா, சிதறிக்கிடந்த சிற்றரசுகளை ஒன்றுசேர்த்து வலிய நாடாக ஆக்கிக்கொண்டிருந்தார். இளைஞர் நீலகண்டன் அரண்மனைச் சேவகத்தில் அமர்ந்து, பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமி கோவிலிலும் பொறுப்பு வகித்தார். மயிக்கோட்டைச் சேர்ந்த பார்கவி என்னும் பெண்மணியை மணந்தார். பதவி, மனைவி, மதிப்பு, சொத்து என எல்லாம் அமைந்த வாழ்வு.

1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் குளச்சல் கடற்கரையில் நடந்த போரில் மகாராஜாவின் படை டச்சுக்காரரை முறியடித்தது. சிறைப்பட்டவர்களுள் யூஸ்தாக்கியுஸ் டிலனாய் என்பவரும் ஒருவர். அவர் கத்தோலிக்கர். அவருடைய திறமையைக் கண்ட மகாராஜா, சிறையில் அடைத்து வைப்பதற்குப் பதிலாகத் தம் படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பைக் கொடுத்தார். அவரே பின்னர் வலிய கப்பித்தான் என்று பெயர் பெற்றார். உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தியவரும் அவரே. 1777-இல் அவர் இறந்தபோது அக்கோட்டைக்குள்ளிருந்த சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறித்த அவரது கல்லறையை இன்றும் அங்கே காணலாம்.

அரண்மனை அலுவலரும் இந்தப் படைத்தலைவரும் நண்பர்களானார்கள். அந்நாளில் நீலகண்டனின் குடும்பத்தில் அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. கால்நடைகள் மாண்டன, பொருள் நஷ்டமாயிற்று. முகம் வாடியிருந்த நண்பரிடம் டிலனாய் விவாதம் எதுவும் புரியவில்லை. பழைய ஏற்பாட்டு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை இழக்காத அந்த நீதிமானின் கதை நீலகண்டனின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது. தொடர்ந்து கேட்டார், கற்றார், கிறிஸ்துவை அறிந்தார். ஒரு குருவானவரின் பிரசங்கமோ பெரிய அற்புதமோ இதற்குக் காரணமாயிருக்கவில்லை. துன்பத்திலிருந்த நண்பனுக்கு ஒரு பொதுநிலையினர் சொன்ன ஆறுதலே ஒரு புனிதரை உருவாக்கிற்று. பக்கத்து லயத்தில் துக்கத்தோடு இருப்பவரிடம் நாம் உட்கார்ந்து பேசும் அரைமணி நேரம் எதை விளைவிக்கும் என்பதை யார் அறிவார்?

வடக்கன்குளம்

ஞானஸ்நானம் பெறத் திருவிதாங்கூர் எல்லைக்குள் அவருக்கு வழி எளிதாக இருக்கவில்லை. அரண்மனை அலுவலர் ஒருவர் வேதத்தில் சேர்வதை அரசு பொறுத்துக்கொள்ளாது. எனவே டிலனாய் அவரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பாலுள்ள வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே சேசுசபைக் குருவாகிய புத்தாரி சுவாமிகள், அவரைச் சோதித்து, போதித்து, 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் ஞானஸ்நானம் அளித்தார். லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் தந்து தேவசகாயம் என்று பெயரிட்டார். அப்போது அவருக்கு வயது 33. பின்னர் அவருடைய மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். திரேசா என்னும் பெயரையே நம் முன்னோர் இப்படி அழகாகச் சொல்லினர்.

ஞானஸ்நானத்தின் பின் தேவசகாயத்தின் வாழ்வில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் ஒன்று உண்டு. அவர் தம்மிலும் தாழ்ந்தவர் என்று உலகம் ஒதுக்கி வைத்தவர்களோடு பழகினார். அவர்களோடு அமர்ந்தார், அவர்களோடு உண்டார். எல்லா மனிதரும் ஒரே தந்தையின் மக்கள் என்பதை அரண்மனையைச் சுற்றியிருந்த ஊர்களில் அச்சமின்றி எடுத்துச் சொன்னார். தீண்டலும் தீட்டும் எத்தனை அடி தூரம் என்று அளந்து வைத்திருந்த நாட்டில், இது சிறிய குற்றமாகக் கருதப்படவில்லை.

வடக்கன்குளத்துக்குச் செல்லும் யாத்திரிகர் மற்றொரு வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது கசப்பானது; ஆனாலும் மறைக்கத் தக்கதன்று. தேவசகாயம் சாதிப் பெருமையைக் கழற்றி வைத்த அதே ஊரில், 1872-இல் எழுந்த பெரிய கோவிலில் மக்கள் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து நின்று பூசை கண்டார்கள். ஒருவரையொருவர் பாராதபடி நடுவே தடுப்பு இருந்தது. பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று. மக்கள் மட்டும் இரண்டு. 1910-இல்தான் அந்தத் தடுப்பு இடித்து அகற்றப்பட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களும் நம் கத்தோலிக்கரே. மறைசாட்சியின் ஞானத்தொட்டிலில் இப்படி நடந்ததென்றால், வேறெங்கும் நடவாது என்று யார் துணிந்து சொல்வார்? கல்லால் கட்டிய தடுப்பை ஒரு நாளில் இடித்துவிடலாம். பெண் கொடுக்கும்போதும், கல்லறைத் தோட்டத்தில் இடம் பிரிக்கும்போதும், பங்குப் பேரவைக்கு ஆள் தெரியும்போதும் மனத்துக்குள் எழும்பும் தடுப்பை இடிப்பது கடினம். வடக்கன்குளத்தில் முழங்காலிடும்போது இந்த ஒன்றுக்காக மன்றாடிவிட்டு எழுவோமானால், அதுவே அந்த யாத்திரையின் நிறைவான பலனாகும்.

புலியூர்க்குறிச்சி

பகைமை வளர்ந்தது. தேவசகாயம் அரசுக்குத் துரோகம் செய்தார், வேவு பார்த்தார் என்று பொய்க் குற்றங்கள் சுமத்தப்பட்டன. பதவி பறிபோயிற்று. 1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். கிறிஸ்துவை மறுதலித்தால் விடுதலையும் பழைய மதிப்பும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள். அவர் இணங்கவில்லை. அன்று தொடங்கிய சிலுவைப்பாதை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நீண்டது.

கைகள் கட்டப்பட்ட நிலையில், கழுத்தில் எருக்கம்பூ மாலையிட்டு, எருமையின்மேல் பின்னோக்கி உட்காரவைத்து அவரை ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். எருமையும் எருக்கும் அந்நாளில் அவமானத்தின் அடையாளங்கள். நேற்றுவரை கைகட்டி நின்றவர்கள் இன்று வீதியோரம் நின்று சிரிக்க வேண்டும் என்பதே நோக்கம். பிரம்படியும், அடிபட்ட புண்களில் மிளகாய்ப்பொடியும், குடிக்கக் கலங்கிய நீரும் அவருக்குக் கிடைத்தன.

உதயகிரிக் கோட்டையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தால் தவித்த தேவசகாயம் அங்கே முழங்காலிட்டு மன்றாடி, முழங்கையால் பாறையை இடிக்க, நீர் சுரந்தது என்பது நம் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் மரபு. இன்றும் அந்நீரைப் பக்தியோடு அருந்துகின்றனர். இங்கே ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். மறைசாட்சியின் அரண்மனையும், நண்பரின் கோட்டையும், தாகத்தின் பாறையும் ஒன்றுக்கொன்று மிக அருகிலேயே இருக்கின்றன. செல்வாக்கோடு நடமாடிய அதே தெருக்களின் வழியாகவே அவர் இழிவுபடுத்தப்பட்டுச் சென்றார். முகம் தெரியாத ஊரில் படும் அவமானத்தைத் தாங்கிவிடலாம்; சொந்த ஊரில், பழகியவர்கள் கண்முன் படும் அவமானம் கொடிது. அந்தப் பாறையிலிருந்து தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பாமல், அந்தப் பொறுமையிலும் ஒரு கை அள்ளிக்கொண்டு வரவேண்டும்.

பெருவிளை

பின்னர் நாகர்கோவிலை ஒட்டிய பெருவிளையில் அவரை ஒரு வேப்பமரத்தில் கட்டி வைத்தார்கள். வெயிலும் மழையும் இரவுப் பனியும் அவருக்குக் கூரை. ஏழு மாதங்கள் இவ்வாறு இருந்தார் என்பது மரபு. அந்த நிலையிலும் அவர் ஜெபத்தை விடவில்லை. தம்மைத் தேடி வந்தவர்களுக்கு ஆறுதல் கூறினார், நோயாளிகளுக்காக மன்றாடினார், காவல் நின்றவர்களிடமும் அன்பு பாராட்டினார். இதனால் அவரைத் தேடி வருவோர் தொகை நாளுக்கு நாள் பெருகியது. மரத்தில் கட்டுண்ட கைதி பயனற்றவர் என்று அதிகாரிகள் எண்ணினார்கள். கட்டுண்ட நிலையிலும் ஒருவர் பிறருக்குப் பயன்பட முடியும் என்பதை அந்த வேப்பமரம் கண்டது. படுக்கையைவிட்டு எழமுடியாத நம் பங்கு முதியோரும் நோயாளரும் இதை எண்ணித் தேறுதல் பெறுவார்களாக. அவர்களுடைய ஜெபத்தைக் கொண்டே இந்தப் பங்கு நிற்கிறது.

ஆரல்வாய்மொழி, காற்றாடிமலை

இறுதியாக அவர் ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுவரப்பட்டார். ஞானஸ்நானத்தை நாடி எந்தக் கணவாயைக் கடந்து போனாரோ, அதே கணவாய்க்கு ஏழு ஆண்டுகள் நிறைவுறுமுன் விலங்கோடு திரும்பி வந்தார். கணவாயைத் தாண்டினால் அடுத்த நாடு, அங்கே வடக்கன்குளம், அங்கே பயமற்ற வாழ்வு. எல்லையின் வாசற்படியில் நின்றும் அவர் விசுவாசத்தை ஒளித்துக்கொண்டு உயிரைக் காத்துக்கொள்ள முயலவில்லை. இங்கும் மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். இனி இவரை உயிரோடு விடலாகாது என்று எதிரிகள் முடிவு செய்தனர்.

1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் இரவில், காவலர் அவரைக் காற்றாடிமலைக்கு ஏற்றிச் சென்றார்கள். நாமெல்லாம் பொங்கல் கொண்டாடும் தைப் பிறப்பின் நாள்கள் அவை. சற்று நேரம் ஜெபிக்க அனுமதி கேட்டு, பாறையின்மேல் முழங்காலிட்டார். ஜெபம் முடிந்தபின் அவரைத் துப்பாக்கியால் சுட்டார்கள். இயேசுவின் பெயரையும் மாதாவின் பெயரையும் அழைத்தபடி அவர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 39. உடலைக் காட்டில் எறிந்துவிட்டுப் போனார்கள்.

இன்று அம்மலையடிவாரத்தில் வியாகுல மாதா ஆலயம் நிற்கிறது. ஊருக்கே தேவசகாயம் மவுண்ட் என்று பெயராகிவிட்டது. அவர் முழங்காலிட்ட பாறையை முத்தி செய்கிறவர்களும், தட்டினால் மணிபோல் ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைத் தட்டிப் பார்க்கும் சிறுவர்களும் அங்கே எப்போதும் உண்டு. காற்று ஓயாமல் வீசும் அந்தக் கணவாயில் சற்று நேரம் மௌனமாக நின்று பாருங்கள். அந்த இடம் அதற்காகவே இருக்கிறது.

கோட்டாறு

சில நாள்களுக்குப்பின் விசுவாசிகள் காட்டில் தேடி, அவருடைய எலும்புகளைச் சேகரித்துக் கோட்டாற்றுக்குக் கொண்டுவந்து, புனித சவேரியார் கோவிலில் பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள். 1544-இல் சவேரியார் நடந்து திரிந்து விசுவாசத்தை விதைத்த நாடு இது. அவர் பெயரால் எழுந்த ஆலயத்திலேயே அந்த விதையின் சிறந்த கனி வைக்கப்பட்டது. 1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் உருவானபோது அதுவே பேராலயமாயிற்று. ஞானப்பூ அம்மையாரோ கணவரின் ஞானத்தொட்டிலான வடக்கன்குளத்தில் தங்கி, அங்கேயே இறந்து அடக்கம் செய்யப்பட்டார். மறைசாட்சியின் மனைவி என்பதைத் தவிர வேறு மகிமை எதையும் தேடாத அந்த விதவையையும் நாம் மறக்கக் கூடாது.

மக்கள் அன்றே அவரைப் புனிதராக ஏற்றுக்கொண்டனர். திருச்சபையோ நிதானமாக ஆராய்ந்தது. 1756-இலேயே கொச்சி ஆயர் இம்மறைசாட்சியின் மரணத்தைக் குறித்து உரோமைக்கு அறிக்கை அனுப்பினார். அதற்கும் மகிமைக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு ஓடிற்று. அக்காலமெல்லாம் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியும், மலைக்கு நடந்தும், நாடகமாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் அவர் நினைவைக் காத்தவர்கள் படிப்பறியாத ஏழை மக்களே. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவில் கார்மல் பள்ளி மைதானத்தில் கர்தினால் ஆஞ்சலோ அமாத்தோ அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமை புனித இராயப்பர் சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். சாதியைக் குறிக்கும் பின்னொட்டு எதுவுமின்றி, ஞானஸ்நானத்தில் பெற்ற தேவசகாயம் என்ற பெயராலேயே திருச்சபை அவரை இன்று அழைக்கிறது. அவர் எதை விட்டாரோ அதைத் திருச்சபை அவர்மேல் மீண்டும் சுமத்தவில்லை.

நாம் போவது எதற்கு?

இத்திருத்தலங்களுக்குப் போகிறவர்களில் பலர் நேர்ச்சைக்காகப் போகிறார்கள். வேலை வேண்டும், பிள்ளை வேண்டும், வழக்கு தீர வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. தந்தையிடம் பிள்ளைகள் வேறென்ன கேட்பார்கள்? ஆனால் தேவசகாயம் எருமையின்மேலிருந்தும் வேப்பமரத்திலிருந்தும் தம் விடுதலையை விலையாகக் கொடுத்து விசுவாசத்தை வாங்கினவர். அவரிடம் போய்ப் பெற மட்டும் வேண்டிக்கொண்டு, விட வேண்டியது எதையும் விடாமல் திரும்பினால், நாம் மலையைப் பார்த்தோம், மறைசாட்சியைப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அவர் குருவல்லர், துறவியுமல்லர். மனைவியோடு வாழ்ந்தவர்; அலுவலுக்குச் சென்றவர்; சம்பளம் வாங்கியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களிடையே பால்வெட்டச் செல்லும் நம் ஆண்களும் பெண்களும், புனித வாழ்வு நமக்குரியதன்று என்று இனிச் சொல்ல இயலாது.

எனவே யூபிலியின் நினைவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் அன்பியமும் இவ்வாண்டில் ஒரு நாளைக் குறித்து, காலையில் நட்டாலத்தில் தொடங்கி, புலியூர்க்குறிச்சி, பெருவிளை, கோட்டாறு வழியாக மாலையில் காற்றாடிமலையில் முடிக்கலாம். வழியெங்கும் ஜெபமாலை சொல்லலாம். வடக்கன்குளத்தை மற்றொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே வண்டியில் எல்லாக் குடும்பத்தாரும் சேர்ந்து செல்லுங்கள். ஒரே சோற்றுப் பானையிலிருந்து எல்லோரும் உண்ணுங்கள். பேச்சு முறிந்த குடும்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். அந்த மலையில் மறைசாட்சி நம்மிடம் எதிர்பார்க்கும் காணிக்கை இதுவேயாகும்.

புனித தேவசகாயத்தின் மன்றாட்டால் நம் பங்குக் குடும்பங்கள் யாவும் ஒரே குடும்பமாய் இணைந்து, இந்த யூபிலியின் பலனை நிறைவாய் அடையும்படி இறைவன் அருள்புரிவாராக.